பேனட்டில் மட்டும் நின்ற வார்னிஷ்

போன மாதத்தில் மட்டும் மூன்று பேர் பெயின்ட் டின்னைத் துண்டில் சுற்றிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். மூன்று பேருக்கும் ஒரே பாட்டு. "இது டூப்ளிகேட் சரக்குதானே? நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும், கடைக்காரன் சட்டையைப் பிடிச்சிடுவோம்." பெயின்ட் தொழிலிலிருந்து ரிடையராகி இத்தனை வருஷத்துக்குப் பிறகும் என் வார்த்தைக்கு மதிப்பு இருக்கிறதே என்று சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா? நான் அடித்துக்கொண்டேன். வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்து, டின்னைத் திறந்துகூடப் பார்க்காமல் திருப்பி அனுப்பினேன். கிழவனுக்குத் திமிர் என்று பேசிக்கொண்டு போயிருப்பார்கள்.

தம்பிகளே, நீங்கள் பிரஷ்ஷை விட்டு ஸ்ப்ரே கன்னுக்குப் போய்விட்டீர்கள். முகத்தில் மாஸ்க், கையில் கிளவுஸ், எல்லாம் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அடித்த பெயின்ட் கொஞ்ச நேரத்தில் அங்கங்கே விலகிக்கொண்டு, அடியில் இருக்கிற பழைய கலர் பல்லைக் காட்டினால் மட்டும் உங்களுக்கு உடனே குற்றவாளி கிடைத்துவிடுகிறான். டின்தான் குற்றவாளி. டின் இல்லாவிட்டால் கடைக்காரன், அவனும் இல்லாவிட்டால் கம்பெனிக்காரன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எனக்கு இதில் எரிச்சல் அதிகம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. இந்த வித்தையை நீங்கள் கண்டுபிடிக்கவில்லை. உங்களுக்கு முன்னால் நான் அதில் பட்டமே வாங்கியிருக்கிறேன்.

முதலில் விஷயம் இன்னது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஸ்ப்ரே கன் பிடிக்கத் தெரிந்த பாதிப் பேருக்கு இது தெரியவில்லை. எந்தத் திரவத்துக்கும் தன்னைத் தானே இழுத்துக்கொள்கிற குணம் உண்டு. படித்தவர்கள் பரப்பு இழுவிசை என்கிறார்கள். தரை சுத்தமாக இருந்தால் அது தரையைப் பிடித்துக்கொண்டு பரவும். தரைக்கும் அதற்கும் ஒத்துவராவிட்டால் பரப்பி வைத்த பிறகும் சுருங்கிக்கொண்டு போய்க் குவியும். தோசைக்கல்லில் எண்ணெயை அள்ளி ஊற்றிவிட்டு மாவைத் தேய்த்துப் பாருங்கள். மாவு கல்லில் ஒட்டாமல் கரண்டியோடு சுருண்டு வரும். வார்னிஷும் அப்படித்தான். நாங்கள் இதைக் கண் விடுவது என்போம். முதலில் ஒரு குத்தூசி அளவு ஓட்டை விழும், பிறகு அது தன்பாட்டில் பெரிதாகும்.

தண்ணீராக இருந்தால் கண் எதிரிலேயே விலகிவிடும், நாமும் உஷாராகிவிடலாம். வார்னிஷ் பிசுபிசுவென்று கெட்டியானது. அது நிதானமாகத்தான் விலகும். பிரஷ் போகும்போது கண்ணாடி மாதிரி இருக்கும். நாம் மார்தட்டிக்கொண்டு டீ குடிக்கப் போவோம். திரும்பி வந்து பார்த்தால் கதை கந்தலாகியிருக்கும். மெல்லிசாகப் போட்ட இடம் சீக்கிரம் கண் விடும். கனமாகப் போட்டால் கொஞ்ச நேரம் தாங்கும், ஆனால் நிற்கிற பலகையில் அது வழிந்து வழிந்து மெல்லிசாகி, அப்புறம் அதுவும் கண் விடும். இதையெல்லாம் எனக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லவில்லை. நான் ஒரு மனுஷனின் பிழைப்பில் கைவைத்துத் தெரிந்துகொண்டேன்.

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். நம் திருத்தணி அப்போது சித்தூர் ஜில்லாவில் இருந்தது. ஸ்டேஷன் ரோட்டில் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து நான் வண்டிகளுக்குப் பெயின்ட் வேலை செய்துகொண்டிருந்தேன். வயது இருபத்தைந்து. தொழில் தெரியும், வாயும் தெரியும். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் பின்னால் ஒரு பெரிய டிரம்மைத் தூக்கிக்கொண்டு, அதில் கரி எரிந்து வரும் வாயுவில் புகைந்தபடி ஓடின. திருத்தணிக்கும் பொதட்டூர்பேட்டைக்கும் இடையில் அப்படி ஓடிய பஸ் ஒன்று என் கொட்டகைக்கு வந்தது. ஒரே ஒரு பஸ் வைத்திருந்த முதலாளியுடையது. ஆடிக் கிருத்திகைக்கு முன்னால் சித்தூரிலிருந்து பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டால்தான் வண்டி மறுபடி ரோட்டில் ஓடலாம். காவடிக் கூட்டத்தை விட்டுவிட்டால் அந்த முதலாளிக்கு அந்த வருஷமே போனமாதிரி.

அந்த பஸ்ஸின் டிரைவர் முனிசாமி. கே.ஜி.கண்டிகைக்காரர். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். அதிகம் பேசமாட்டார். வண்டி அவருடையதில்லை, ஆனால் தினம் விடிந்ததும் பழைய வேட்டித் துண்டைத் தண்ணீரில் அலசிப் பிழிந்து முன்னால் எஞ்சினை மூடியிருக்கும் பேனட்டைத் துடைத்துவிட்டுத்தான் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றி வண்டியைக் கிளப்புவார். வண்டி என் கொட்டகையில் நின்றபோதும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. தினம் கண்டிகையிலிருந்து நடந்து வந்து பேனட்டைத் துடைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொள்வார். என்னை எப்போதும் தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

கலர் எல்லாம் அடித்து, எழுத்தும் எழுதி முடித்துவிட்டேன். கடைசி வார்னிஷ் மட்டும் பாக்கி. உள்ளூரில் கிடைத்த வார்னிஷ் சாக்கடைத் தண்ணீர் மாதிரி இருந்தது. முதலாளி முனிசாமியை ரயிலில் மெட்ராசுக்கு அனுப்பி ஒரு டின் வாங்கிவரச் சொன்னார். போன மனுஷன் அடுத்த நாள் வரவேண்டியவர், அதற்கும் அடுத்த நாள்தான் வந்தார். மிலிட்டரி வண்டிகளுக்கு வழிவிட்டு ரயிலை நடுவழியில் நிறுத்திவிட்டார்களாம்.  முதலாளியின் முகம் நல்லபடியாக இல்லை.

ஆடிக் காற்றில் புழுதி பறக்கும் என்று கொட்டகை வாசலில் கோணியை நனைத்துக் கட்டினேன். வண்டியை ஒருமுறை துடைத்தேன். எதால் துடைத்தேன் என்பதுதான் இந்தக் கதையே. முன்பெல்லாம் துடைப்பதற்கு மெட்ராசிலிருந்து மில் பஞ்சு வேஸ்ட் வரும். யுத்தத்தில் அது நின்றுபோயிற்று. என் அக்காவைப் பொதட்டூர்பேட்டையில் தறிக்காரர் வீட்டில் கொடுத்திருந்தது. அக்கா புருஷன், எங்கள் பாவா வீட்டில் தறியிலிருந்து அறுத்துப் போட்ட நூல் கழிவு மூலையில் குவிந்து கிடக்கும். ஒரு மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். ஊரெல்லாம் வேஸ்ட் இல்லாமல் தவிக்கும்போது என் கொட்டகையில் மட்டும் மூட்டை நிறைய இருக்கிறது என்று எனக்குப் பெருமையான பெருமை. பாவு நூலுக்குக் கஞ்சி போடும்போது நூல் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்கக் கஞ்சியில் கடலை எண்ணெய் கலக்கிறார்கள் என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அந்த வீட்டில் பத்து நாள் உட்கார்ந்து சாப்பிட்ட எனக்கும் தெரியும். ஆனால் தெரிந்தது ஒரு பக்கம் இருந்தது, புத்தி இன்னொரு பக்கம் இருந்தது. அந்த எண்ணெய்க் கழிவால் வண்டியின் இரண்டு பக்கத்தையும் பின்பக்கத்தையும் அழுத்தி அழுத்தித் துடைத்தேன். பேனட்டை மட்டும் துடைக்கவில்லை. அதை முனிசாமி காலையிலேயே ஈரத்துணியால் துடைத்து வைத்திருந்தார்.

வார்னிஷ் போட்டேன். பிரஷ் ஓடும்போது முதலாளியே கிட்டே வந்து தன் முகத்தைப் பலகையில் பார்த்து மீசையை ஒதுக்கிக்கொண்டார். எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் போய் எல்லோரும் உட்கார்ந்தோம். திரும்பி வந்தபோது பக்கவாட்டுப் பலகை முழுக்கக் கண். மிளகு அளவில் சில, எட்டணாக் காசு அளவில் சில. வார்னிஷ் விலகிப் போய் விளிம்பில் தடித்து நின்றது.

"இன்னாய்யா இது, அம்மை வாத்த மாதிரி கீது?" என்றார் முதலாளி.

"கோட்டு மெல்லிசா போச்சி போல. இன்னொரு கை கனமா போட்டா நிக்கும்" என்றேன். அவசரத்தில் சொன்னது. அவசரத்தில் செய்தேன். கனமாகப் போட்டதும் ஓட்டையெல்லாம் மூடிக்கொண்டது. எனக்கு மூச்சு வந்தது. அரைமணி நேரத்தில் வார்னிஷ் திரை திரையாக வழிந்து, நான் எழுதிய எழுத்தின் மேலெல்லாம் கண்ணீர் விட்ட மாதிரி இறங்கியது. இறங்கியதற்கு மேலே மறுபடியும் கண். முதல் தடவையைவிடப் பெரிதாக. டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸோடு எழுந்து வந்து பார்த்தார்கள்.

முதலாளி என்னைப் பார்த்தார், பிறகு முனிசாமியைப் பார்த்தார். "சொல்லுய்யா. உன் கைல தப்பா, சரக்குல தப்பா?"

நான் பதில் சொல்வதற்குள் முனிசாமி வண்டிக்கு முன்னால் போய் நின்றார். "ஒரே டின்னு தானே தம்பி. பிரஷ்ஷும் அதே பிரஷ்ஷு. பேனட்ல மட்டும் எப்பிடி நின்னுகினு கீது?" என்றார். குத்திக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பேனட்டில் வார்னிஷ் ஒரு சொட்டு விலகாமல் பளபளவென்று இருந்தது.

தொழிலில் இப்படி ஒரு கேள்வி யாராவது கேட்டால் அவர் காலைத் தொட்டுக் கும்பிடவேண்டும். எது மாறவில்லை, எது மாறியது என்று அந்த மனுஷன் பிரித்துக் கொடுத்துவிட்டார். டின் மாறவில்லை, பிரஷ் மாறவில்லை, கை மாறவில்லை. மாறியது துடைத்த துணி ஒன்றுதான். இரண்டு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். ஆனால் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், முதலாளி பதிலுக்குக் காத்திருக்கிறார், வண்டி ஓட்டுகிறவர் எனக்குப் பெயின்ட் வேலை சொல்லித் தருகிறார். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"சரக்குதான் முதலாளி. கலப்படம். டின்னைத் தொறந்து எதையோ ஊத்திக் கீறாங்க" என்றேன்.

யார் ஊற்றியது என்று நான் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. ஒரு நாள் தாமதமாக வந்தவர் ஒருத்தர்தானே.

"வழியில வித்துட்டு வேற எதையோ ரொப்பிக்கினு வந்தியா?" என்று கேட்டார் முதலாளி.

"இல்ல முதலாளி. கடைல குடுத்த மாதிரியே கொண்டாந்தேன்."

"நாளையிலேர்ந்து நீ வரவேணாம்."

முனிசாமி என்னைப் பார்த்தார். நான் டின்னுக்குள் குனிந்து பார்க்கிற மாதிரி நின்றேன். அவர் தன் வேட்டித் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அவர் போன பிறகும் டீக்கடையில் வெகு நேரம் அதே பேச்சுதான். யாரையும் நம்ப முடிவதில்லை என்று ஒருவர் சொன்னார். நான் ஆங் என்று தலையாட்டினேன். இப்போது நினைத்தாலும் அந்தத் தலையாட்டலுக்காக என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஈரமாக இருந்த வார்னிஷையெல்லாம் டர்பென்டைன் போட்டு வழித்து எடுத்தேன். முதலாளி இந்தத் தடவை யாரையும் நம்பாமல் தானே மெட்ராசுக்குப் போய், வேறு ஒரு கடையில் சீல் வைத்த டின்னாக வாங்கி, மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். தன் கையால் திறந்தார். பேனட்டை விட்டுவிட்டு மற்ற இடத்தையெல்லாம் நான் பழையபடி துடைத்தேன். அதே மூட்டையிலிருந்து எடுத்த அதே கழிவால்தான். வார்னிஷ் போட்டேன். இந்தத் தடவை யாரும் டீ குடிக்கப் போகவில்லை. பலகையையே பார்த்துக்கொண்டு நின்றோம். முதலில் ஜன்னலுக்குக் கீழே ஒரு புள்ளி. அது பெரிதாவதற்குள் பக்கத்தில் நாலு.

முதலாளி தொப்பென்று முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவரே எனக்கு ஒரு வழியும் காட்டினார். "மெட்ராஸ்ல எல்லாக் கடையும் திருட்டுக் கடையா பூட்ச்சிப்பா. நீ இன்னா பண்ணுவ, பாவம்." இப்படி ஒரு கதவு திறந்தால் நீங்களும் நுழைந்துவிடுவீர்கள். பழி மெட்ராஸ்காரர்கள் மேல் போய்விடும். அவர்கள் இங்கே வந்து கேட்கப் போவதில்லை.

அவர் சாப்பிடப் போனதும் கொட்டகையில் நான் மட்டும். முனிசாமி கேட்டது காதிலேயே நின்றது. ஒரு சொம்பு தண்ணீரை எடுத்துப் பேனட்டின் மேல் ஊற்றினேன். அங்கே இருந்த வார்னிஷை வழித்தெடுக்கும் அவசியம் வரவில்லை, அது காய்ந்திருந்தது. தண்ணீர் ஒரே விரிப்பாகப் பரவி வழிந்தது. பிறகு பின்பக்கத்தில், துடைத்து இன்னும் வார்னிஷ் போடாத பலகையில் ஊற்றினேன். தண்ணீர் துண்டு துண்டாக உடைந்து முத்து முத்தாக உருண்டது. சேப்பங்கிழங்கு இலையில் உருளுமே, அது மாதிரி. அந்த ஒரு சொம்புத் தண்ணீரை நான் நாலு நாள் முன்னால் ஊற்றியிருக்கலாம். இதை மட்டும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்: பெயின்ட் போடுவதற்கு முன்னால் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் உடைந்தால் பெயின்டும் உடையும். இதற்கு மெஷின் வேண்டாம், ஒரு சொம்பு போதும். ஆனால் நம் ஆட்களுக்கு மெஷின் இல்லாத சோதனை என்றால் மட்டமாகத் தெரிகிறது.

துணி வெளுக்கிறவரிடம் எண்ணெய்ப்பிசுக்கை எடுக்கிற உவர்மண் கொஞ்சம் வாங்கிவந்து கரைத்து, தெளிந்த தண்ணீரால் பலகையில் ஒரு முழம் இடத்தைக் கழுவினேன். நல்ல தண்ணீரால் அலசினேன். சொம்பைச் சாய்த்தேன். தண்ணீர் உடையாமல் பரவியது. காயவிட்டேன். மூலையில் முனிசாமி வாங்கிவந்த பழைய டின் கிடந்தது, போலீசுக்குக் காட்டவேண்டும் என்று முதலாளி எடுத்து வைத்திருந்தார். அதிலிருந்து ஒரு பிரஷ் எடுத்துப் போட்டேன். காத்திருந்தேன். கண் விடவில்லை. சாயங்காலம் வரைக்கும் விடவில்லை. அது அருமையான சரக்கு. முதலாளி மடியில் வைத்துக்கொண்டு வந்ததைவிட ஒரு படி உசத்தி என்றுகூடச் சொல்வேன்.

பலகைகளில் போட்டதை மறுபடி வழித்தெடுத்து, வண்டி முழுவதையும் கழுவி, காயவைத்து, வார்னிஷ் போட்டு முடித்தேன். "உனக்குக் கைராசிப்பா. வேற எவனா இருந்தா வண்டியை அப்பிடியே வுட்டுட்டுப் போயிருப்பான்" என்றார் முதலாளி. டீக்கடைக்காரர் காசு வாங்காமல் டீ கொடுத்தார். நான் குடித்தேன். வண்டியில் எண்ணெய்ப்பிசுக்கு இருந்தது, கழுவிவிட்டேன் என்று மட்டும் சொல்லிவைத்தேன். பிசுக்கு எங்கிருந்து வந்தது என்றோ, அப்படியானால் முனிசாமியின் டின்னில் என்ன குற்றம் என்றோ அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இரண்டு நாள் கண்டிகைப் பக்கம் போகத் துணிவில்லை. மூன்றாம் நாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு கே.ஜி.கண்டிகைக்குப் போனேன். முனிசாமி யாரோ ஒருவருடைய கடலைக்கொல்லையில் களை வெட்டிக்கொண்டிருந்தார். ஸ்டீயரிங் பிடித்த கை. வரப்பில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நூல் கழிவு, எண்ணெய், தண்ணீர் ஊற்றிப் பார்த்தது, அவர் டின்னில் குற்றம் இல்லை என்பது. சோறு கொண்டுவந்திருந்த அவர் சம்சாரம் கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கடைக்குப் போனா, டின்னுத் திருடன் பொண்டாட்டின்னு பேசிக்கினு கீறாங்க. உனுக்கு இங்க வந்து காதுல சொல்றதுக்கு எட்டு நாளாச்சா நைனா?" என்றார்.

முனிசாமி அவரைக் கையமர்த்தினார். "எங்கிட்ட சொல்லி இன்னாத்துக்கு தம்பி ஆவும்? நான் திருடலன்னு எனக்குத் தெரியும். நீ எங்க நின்னு சொன்னியோ அங்கயே நின்னு சொல்லு. இன்ஸ்பெக்டர் வர்ற அன்னிக்கி எல்லாரும் இருப்பாங்க. நான் வந்து டீக்கடையாண்ட நிக்கறேன்."

அவ்வளவுதான். மறுபடியும் களைக்கொத்தைக் குனிந்து எடுத்துக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று ஸ்டேஷன் ரோட்டில் காவடி ஜனங்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். நல்ல கூட்டம். நான் இடுப்பில் அந்த நூல் கழிவை ஒரு உருண்டை செருகிக்கொண்டிருந்தேன். சொல்லவேண்டும் என்றுதான் வந்திருந்தேன். ஆனாலும், முதலாளியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டால் போதாதா, கூட்டத்தில் சொன்னால் நாளைக்கு எவன் வண்டி கொண்டுவருவான் என்று மனசு கடைசி வரை பேரம் பேசிக்கொண்டே இருந்தது. டீக்கடை ஓரத்தில் முனிசாமி, தோளில் துண்டோடு.

இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுற்றி வந்தார். பக்கப் பலகையில் கையை ஓட்டிப் பார்த்தார். "நல்லா இருக்கே, யார் கை வேலை?" என்று கேட்டார். முதலாளி என் முதுகில் தட்டி முன்னால் தள்ளினார்.

கழிவை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டேன். "வேலை என்னுதுதாங்க. தப்பும் என்னுதுதான். மொத தடவ வார்னிஷ் நிக்காம போனதுக்கு சரக்கு காரணம் இல்லீங்க. இந்தத் தறிக் கழிவுல எண்ணெ இருந்திச்சி. இத்தாலதான் நான் தொடச்சேன். முனிசாமி அண்ணா வாங்கியாந்தது சுத்தமான சரக்கு. அவுரு மேல பழி போட்டது தப்பு" என்றேன்.  எல்லோருக்கும் கேட்டது.

முதலாளியின் முகம் சிவந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "அதெல்லாம் உங்களுக்குள்ள அப்புறம் பேசிக்குங்க. வண்டியை ஓட்டிக் காட்டணும். டிரைவர் யாரு?" முதலாளி இன்னும் வேறு டிரைவரைப் பிடித்திருக்கவில்லை. கடைசியில் முதலாளி டீக்கடைப் பக்கம் திரும்பி, "முனிசாமி, வந்து ஏறுப்பா" என்றார். அவர் குரல் இறங்கி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

முனிசாமி வந்தார். நேராக வண்டிக்குப் போகவில்லை. என்னிடம் வந்து கையில் இருந்த கழிவை வாங்கி மூக்கருகே வைத்துப் பார்த்தார்.

"எண்ணெ வாசன இப்பிடித் தூக்குதே தம்பி. அன்னிக்கி உனுக்குத் தெரியலியா?"

"தெரியலண்ணா."

அவர் தலையாட்டினார். "ஆங், அதான பாத்தேன். தெரிஞ்சிருந்தா நீ சொல்லியிருப்ப. நீ அந்த மாதிரி ஆளு இல்ல" என்று என் தோளைத் தொட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

தம்பிகளே, தெரிந்தது. மேலே சொன்னபோது அந்த இடத்தை நான் தாண்டிக்கொண்டு போய்விட்டேன். முதல் நாள், அவர் பேனட்டைக் காட்டிக் கேட்டபோது, என் முகமெல்லாம் வியர்வை. கையில் இருந்த கழிவாலேயே முகத்தைத் துடைத்தேன். கடலை எண்ணெய் குப்பென்று அடித்தது. என்ன நடந்தது என்று அப்போதே பாதிக்கு மேல் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் சரக்கு என்று சொன்னேன். இரண்டாவது டின்னுக்கும் அதே கழிவை எடுத்தேனே, அது மறதியில்லை. அதைத் தூக்கிப் போட்டிருந்தால் நான் பொய் சொன்னேன் என்று எனக்கே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகியிருக்கும். அந்த வீம்புக்காக இன்னொரு டின்னையும் பாழாக்கினேன்.

முனிசாமி அண்ணா அதன் பிறகும் பல வருஷம் அந்த பஸ்ஸை ஓட்டினார். நான் அக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் முன்சீட்டில் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வார். வண்டி பழுது, மழை, மகள் கல்யாணம் என்று வழியெல்லாம் பேசிக்கொண்டு வருவார். ஒவ்வொரு தடவையும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று ஏறுவேன். பொதட்டூர்பேட்டை வந்துவிடும், இறங்கிவிடுவேன். இப்போது அவர் இல்லை. அவரிடம் சொல்லவேண்டியதை உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சொல்ல வேண்டிய இடம் இதுவல்ல என்று எனக்கும் தெரியும்.